‘பஞ்சர் ஆகாத டயர்’: உறைமேல் எழுதியதும் உள்ளே இருப்பதும்

நெருஞ்சி முள்ளை மிதிக்காமல் வளர்ந்த தமிழர் அரியர். மஞ்சள் பூவும் மண்ணோடு படர்ந்த கொடியுமாக நம் புன்செய் வரப்புகளில் கிடக்கும் இச்செடிக்குத் தாவரவியலார் தந்துள்ள பெயர் டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ் என்பதாகும். இதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படி ஒவ்வொரு துண்டிலும் முட்கள் அமைந்துள்ளன. இச்செடி கடல் கடந்து அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் பரவிவிட்டது. அங்கே அதற்கு வழங்கும் பெயரே ‘பஞ்சர்க் கொடி’ என்பதுதான்! அதைக் கட்டுப்படுத்துவதற்காக 1961இல் இருவகைக் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஒரு செடியின் பெயரிலேயே சைக்கிள்காரரின் துயரம் ஏறிவிட்டது என்றால், ‘பஞ்சர் ஆகாது’ என்று ஒரு டயரின் உறைமேல் எழுதியிருப்பதைக் கண்டதும் கை பணப்பையை நோக்கிப் போவதில் வியப்பில்லை.

என் தமக்கை மகனின் கையும் அப்படித்தான் போயிற்று. அவன் கோவில்பட்டியில் கல்லூரி மாணவன். ஞாயிறுதோறும் எட்டயபுரம் சாலையில் நண்பர்களோடு அறுபது கிலோமீட்டர் அளவில் ஓட்டுகிறான். பந்தயத்துக்காக அன்று, பொழுதுபோக்குக்காகவே ஓட்டுகிறான். மெல்லிய சக்கரமுள்ள சாலைச் சைக்கிள். சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலம். அதன் முள் ஓர் அங்குலத்துக்கும் மேல் நீளும், காய்ந்தால் ஆணிபோல் இறுகிவிடும். ஒரு நாள் மாலை இரண்டு முறை பஞ்சர் ஆகி, மாற்று டியூபும் தீர்ந்து, இருட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்குப்பின் என் தமக்கை அவனைச் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நல்ல டயர் போட்டுக் காட்டினால் ஒழிய அனுமதி இல்லை. அவன் சேமித்து வைத்திருந்த பணம் ஒரு சோடி டயருக்குத்தான் போதும். அந்த விலைக்கு நம் ஊரில் ஒரு சாதாரணச் சைக்கிளே வாங்கிவிடலாம். தவறான டயரை வாங்கினால் மறுபடி வாங்க வழியில்லை.

ஆகவே நாங்கள் இருவரும் உட்கார்ந்து உறைகளில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். அந்தச் சோதனையின் விளைவே இக்கட்டுரை. தயாரிப்பாளரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மையே. ஆனால் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதை நாம் கேட்க வேண்டும் அல்லவா?

முதலில் ஓர் அடிப்படை. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே காப்புரிமை பெற்றார். அது அன்று பயனுக்கு வரவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் அதை மீண்டும் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றபோதுதான் உலகம் ஏற்றது. மூன்றே ஆண்டுகளில், 1891இல், பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்பவர் வென்றார். அவர் ஓட்டியது மிஷெலின் சகோதரர்களின் கழற்றி மாட்டக்கூடிய டயர். கழற்ற முடிந்ததால் வழியிலேயே பஞ்சரைச் சரிசெய்துகொள்ள முடிந்தது. ஆக, காற்றடைத்த டயர் வெற்றி பெற்றதற்குக் காரணம் அது பஞ்சர் ஆகாததன்று. பஞ்சர் ஆனாலும் விரைவாக ஓடியதுதான்.

ஏன் விரைவாக ஓடுகிறது? டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, பின் நிமிர்கிறது. நசுங்கும்போது செலவான ஆற்றலை உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய முழுவதும் திருப்பித் தந்துவிடும். ரப்பர் அப்படித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கிவிடும். இதனால் ரப்பர் எவ்வளவு தடிப்போ அவ்வளவு ஆற்றல் இழப்பு. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் உறைமேல் உள்ள பாதி வாசகங்கள் தாமாகவே விளங்கிவிடும். காற்றே இல்லாத திட டயர்களும் கடைகளில் உள்ளன. அவை பஞ்சர் ஆகா என்பது முழு உண்மை. ஆனால் நாள் முழுவதும் ரப்பரையோ நுரைப்பொருளையோ நசுக்கிக்கொண்டே மிதிக்க வேண்டும். சாலையின் அதிர்ச்சி முழுவதும் கைக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் போகும். கடைத்தெருவுக்குப் போய்வரும் சைக்கிளுக்கு அது பொருந்தலாம். அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவனுக்கு அது 1888க்கு முந்திய காலத்துக்குத் திரும்புவதாகும். அதை உடனே ஒதுக்கினோம்.

பஞ்சர் என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது உண்மையில் நான்கு வேறு நிகழ்ச்சிகள். விளம்பரங்கள் மறைப்பதும் இதைத்தான்.

ஒன்று, முள். அதன் நுனியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அதன்மேல் ஒரு கிலோ எடை மட்டும் விழுந்தாலும், நுனியில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3000 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். முள் ஒரே சுற்றில் உள்ளே போகும். அதைத் தடுப்பது பெரும்பாலும் தடிப்புத்தான். முள்ளின் நீளத்தைவிட டயர் தடிப்பாக இருந்தால் டியூப் தப்பும்.

இரண்டு, கண்ணாடித் துண்டு. இது முள்ளைப்போல் ஒரே குத்தில் துளைப்பதில்லை. முதலில் மேல்ரப்பரில் பதிந்து உட்கார்ந்துகொள்கிறது. சாலைச் சைக்கிளின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 480 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சாலை அதை ஒரு முறை உள்ளே தட்டுகிறது. இருபது கிலோமீட்டரில் ஒன்பதாயிரம் தட்டுகளுக்கு மேல்! ஆணியை அறைவதுபோலத்தான். மழை நாளில் இது இன்னும் எளிதாக நடக்கும். வேதியியல் ஆய்வகத்தில் ரப்பர் அடைப்பானில் துளையிடும்போது துளைப்பானை நீரில் நனைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதே காரணம்தான், ஈரம் உராய்வைக் குறைத்து வெட்டுமுனைக்கு வழிவிடுகிறது. கண்ணாடியைத் தடுக்க வெட்டுப்படாத நெசவு வேண்டும்.

மூன்று, கம்பி. லாரிகளின் டயர் வெடித்துச் சிதறும்போது அதன் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு இழைகள் சாலையோரத்தில் கிடக்கும். தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த இந்த இழை, எந்த நெசவிலும் நூலுக்கும் நூலுக்கும் இடையே புகுந்து போய்விடும். நெடுஞ்சாலையில் ஓட்டுவோருக்கு முள்ளைவிட இதுவே கொடியது. காற்றும் மெதுவாகத்தான் இறங்கும். கண்டுபிடிக்கவும் முடியாது; விரலில் குத்தினால்தான் தெரியும்.

நான்கு, நசுக்கல். காற்றுக் குறைவான டயர் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே அகப்பட்டுப் பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் விழும். உலகிலேயே விலையுயர்ந்த காப்புப் பட்டை இருந்தாலும் இதற்குப் பயனில்லை.

இனி உறைகளுக்கு வருவோம்.

“மாமா, கெவ்லார் என்று போட்டிருக்கிறானே, அது போதாதா?” என்று கேட்டான் பையன். பலரும் கேட்கும் கேள்வி இது. கெவ்லார் என்பது டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற வேதியியல் அறிஞர் 1965இல் கண்ட அராமிட் வகை இழை. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படுவது. ஆனால் டயரில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டயர் ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் ஓரத்தில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக அராமிட் கயிற்றை வைத்தால், டயரை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். எடையும் சற்றுக் குறையும். அவ்வளவே. முள் அங்கே குத்துவதில்லை. ‘கெவ்லார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்கியவர் பலர், ஓரத்தில் கெவ்லாரும் நடுவில் வெறும் ரப்பரும் உள்ள டயரைப் பெருமையோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த உறைகளில் ஒன்றில் இந்தச் சொல் பெரிய எழுத்திலும், ‘ஓரம்’ என்ற சொல் மிகச் சிறிய எழுத்திலும் இருந்தன. எழுத்தின் அளவைத் தீர்மானித்தவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும்.

நடுவில், மேல்ரப்பருக்குக் கீழே, பட்டையாக இருந்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வகை இழைகளின் வலிமை இழுவிசையில்தான். நெசவில் ஓர் ஊசி குத்தும்போது அது நூலை அறுக்க வேண்டியதில்லை, விலக்கினால் போதும். ஆகவே கண்ணாடிக்கு எதிராக இப்பட்டை நன்றாக உதவும். கம்பிக்கு எதிராக அவ்வளவாக உதவாது. ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் தன் சில டயர்களில் வெக்ட்ரான் என்ற வேறோர் இழையை அடர்த்தியாக நெய்து வைக்கிறது. (1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைக் காத்த காற்றுப் பைகள் இதனால் ஆனவையே.) அந்நிறுவனத்தின் கிராண்ட் பிரீ 5000 டயரில் ஒரு வெக்ட்ரான் அடுக்கும், 4-சீசன் டயரில் இரண்டு அடுக்கும் உள்ளன. அடுக்குகள் கூடும்போது இழைகளுக்கிடையே உள்ள வழி அடைபடுகிறது. இது பயனுள்ள வேறுபாடு என்றே சொல்வேன்.

அடுத்து, அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற எண். 60 என்று ஒன்று, 180 என்று ஒன்று, 330 என்று இன்னொன்று! எண் பெரிதானால் காப்பும் பெரிது என்று நினைப்போம். உண்மை ஏறக்குறைய நேர்மாறு. நூல் எண்ணிக்கை கூடினால் நூல் மெலிகிறது. டயரின் துணி உடல் மெல்லியதாகவும் இளக்கமாகவும் ஆகிறது. அதனால் உருள்வது எளிதாகிறது. காப்புக்கு அந்த எண் சான்றாகாது. அதிலும் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. 180 என்பது சில டயர்களில் மூன்று மடிப்புகளையும் சேர்த்துச் சொன்னது. ஒரு மடிப்பில் 60தான். 330 என்பது மூன்று 110கள். அந்நிறுவனம் இதை மறைக்கவில்லை. டயரிலேயே 3/180, 3/330 என்று அச்சிடுகிறது. கடைக்காரர் சொல்லும்போதுதான் அந்த 3 காணாமற் போகிறது.

பிறகு, காப்பு நிலைகள். ஷ்வால்பெ நிறுவனம் தன் டயர்களை 1 முதல் 7 வரை காப்பு நிலைகளாக வகுத்துள்ளது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 6ஐ மற்றொரு நிறுவனத்தின் நான்கு நட்சத்திரங்களோடு ஒப்பிட வழியில்லை. டயரின் அளவுக்கு ஐ.எஸ்.ஓ. 5775 என்ற பன்னாட்டுத் தரம் உண்டு. 28-622 என்று போட்டிருந்தால் எந்த நாட்டில் செய்ததானாலும் 28 மில்லிமீட்டர் அகலம், ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். குத்துத் தடுப்புக்கோ அப்படி எல்லோரும் ஏற்ற ஒரு பொது அளவுகோல் இல்லை. ஒருவர் ஊசியால் குத்துகிறார், மற்றவர் கத்தியால் வெட்டுகிறார், இன்னொருவர் தன் சொந்த எந்திரத்தைக் காட்டுகிறார். மாணவனே வினாத்தாளைத் தயாரித்து, தானே திருத்தி, தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது போன்றது இது.

படக்குத்தூசி மேல் டயர் ஏறி நிற்கும் விளம்பரப் படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஷ்வால்பெயின் மாரத்தான் பிளஸ் டயரில் மேல்ரப்பருக்குக் கீழே 5 மில்லிமீட்டர் தடித்த நெகிழ்வான ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. குத்தூசியின் முனை அதைத் தாண்டி டியூபை அடைவதில்லை. படம் பொய்யன்று. நெருஞ்சி முள்ளுக்கும் இது நல்ல காப்பே. ஆனால் சீமைக் கருவேல முள் குத்தூசியைவிட மிக நீளம். படத்தில் அது வரவில்லை. சாலையில் வரும்.

இந்தத் தடித்த காப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? உறையில் எங்கும் எழுதாத விலை அது. மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. நல்ல பந்தய டயரின் உருளல் எதிர்ப்புக் கெழு 0.004 என்றும், மிகத் தடித்த காப்பு டயருக்கு அதைப்போல் இரு மடங்கு, 0.008, என்றும் கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 6.94 மீட்டரில், முதல் டயர்களை உருட்ட 80 × 9.81 × 0.004 × 6.94, அதாவது ஏறக்குறைய 22 வாட் வேண்டும். இரண்டாவதற்கு 44 வாட். அந்த வேகத்தில் எதிர்க்காற்றைத் தள்ள இன்னொரு 80 வாட் போகிறது. ஆக முதல் டயரோடு மொத்தம் 102 வாட். பையன் அதே 102 வாட்டைத் தடித்த டயரில் கொடுத்தால் வேகம் சுமார் 23 கிலோமீட்டருக்கு இறங்கும். அறுபது கிலோமீட்டருக்கு 13 நிமிடம் கூடுதலாகும்.

பழகியவர் ஒரு டியூபை மாற்றிக் காற்றடிக்கப் பதினைந்து நிமிடம் போதும். அப்படியானால் தடித்த டயர் ஒவ்வொரு அறுபது கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பஞ்சரைத் தடுத்தால்தான் நேரக் கணக்கில் சரிக்குச் சரியாகும். மாதம் ஒரு பஞ்சர்தான் என்றால், பதினைந்து நிமிடத்தை மிச்சம்பிடிக்க ஐம்பது நிமிடத்தைக் கொடுக்கிறோம். இடைத்தர டயருக்குக் கெழு 0.0055 என்று வைத்துக் கணக்கிட்டால் இழப்பு அறுபது கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம்தான்.

எடையைப் பற்றி ஒரு பயமுறுத்தல் உண்டு. சக்கரத்தின் விளிம்பில் உள்ள எடை வண்டியில் உள்ளதைவிடப் பல மடங்கு கனக்கும் என்பார்கள். வேகம் எடுக்கும்போது மட்டும் அது இரு மடங்காகும். ஒரே வேகத்தில் சமதரையில் ஓடும்போது கணக்கிலேயே வராது. இரண்டு டயரிலும் சேர்ந்து ஒரு கிலோ கூடினால், 80 கிலோவில் வேகமெடுக்கும்போது இரண்டரை விழுக்காடு. மாரத்தான் பிளஸ் அகலமான அளவில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவை நெருங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் குறை எடையில் இல்லை, உருளலில்தான் இருக்கிறது.

மேற்பரப்பில் உள்ள வெட்டுக் கோலங்களைப் பற்றியும் ஒரு சொல். ஈரத்தில் வழுக்காமலிருக்க ஆழமான கோலம் வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். காருக்கு அது சரி. நீர்ப்படலத்தின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு விமானச் சக்கரங்களை ஆராய்ந்து நாசா ஒரு சூத்திரம் தந்துள்ளது. அது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சைக்கிளின் 80 பவுண்டு அழுத்தத்துக்கு அது மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர்! நம் பையன் அந்த வேகத்தை எட்டினால் வழுக்கலைவிடப் பெரிய கவலைகள் இருக்கும். தார்ச்சாலைக்கு வழவழப்பான டயரே போதும். கோலத்தின் பள்ளங்களில் ரப்பர் மெலிகிறது. கண்ணாடித் துண்டும் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

அகலத்தில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். மெலிந்த டயரே வேகமானது என்ற பழைய நம்பிக்கையில் அவன் 23 மில்லிமீட்டர் டயரை 120 பவுண்டுக்கு இறுக்கி வைத்திருந்தான். காற்றுச் சற்று இறங்கினாலும் நசுக்கல் பஞ்சர். இறுக்கமாக இருந்தாலோ சிறு கல்லின்மேலும் வளையாமல் வெட்டு வாங்கும். 28 மில்லிமீட்டரில் 80 பவுண்டு போதும். முள்ளின்மேல் டயர் சற்று வளைந்து கொடுக்கும். உருளல் இழப்பும் கரடான சாலையில் கூடுவதில்லை, குறையவே செய்யும். ஆனால் வாங்குமுன் முள்கவைக்கும் பிரேக்குக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். பழைய சாலைச் சைக்கிள்கள் பலவற்றில் 25க்கு மேல் நுழையாது. நம் பால்காரரின் சைக்கிளில் 40 மில்லிமீட்டர் டயர் ஓடுகிறது. அவர் பஞ்சரைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் அது 635 ரிம். அந்த டயர் இதில் ஏறாது.

டியூப் இல்லாமல் ரப்பர்ப் பால் ஊற்றி ஓட்டும் முறையும் உண்டு. சிறு துளை விழுந்ததும் பால் பீறிட்டு உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். முள் நிறைந்த நாட்டுக்கு இது மிக நல்ல உபாயம்; கம்பிக்கும் இதுவே மருந்து. ஆனால் அதற்கென்றே செய்த ரிம்மும் டயரும் தேவை. பால் சில மாதங்களில் காய்ந்துவிடும். நம் வெயிலில் இன்னும் விரைவாக. இவன் ரிம் அதற்கு ஏற்றதன்று என்பதால் விட்டோம். டியூபுக்கும் டயருக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் நாடாவையும் விட்டோம். அதன் ஓரமே டியூபை உராய்ந்து துளைத்த கதைகளைச் சைக்கிள் கடைகளில் நிறையக் கேட்கலாம்.

முடிவாக நான் சொன்னது இதுதான். இரண்டு சக்கரத்துக்கும் 28-622. மேல்ரப்பருக்குக் கீழே அடர்ந்த இரட்டைப் பட்டையும் பக்கச்சுவருக்குக் காப்புத் துணியும் உள்ள இடைத்தர டயர். 4-சீசன் அவ்வகை, அதே நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் இன்னும் கடினமானது, விலையும் குறைவு, ஆனால் ஈரச் சாலையில் அதன் பிடிப்பு எனக்கு நம்பிக்கை தரவில்லை. மாரத்தான் பிளஸ், நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்கள் வாங்க வேண்டிய டயர். தாமதமாகப் போனால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் நானும் அதையே வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்காக ஓட்டுபவனுக்கு அது மகிழ்ச்சியையே குறைத்துவிடும்.

பின்சக்கரத்தில்தான் எடை அதிகம். பஞ்சரும் அங்கேதான் அதிகம். தேய்வதும் அதுவே முதலில். அது தேய்ந்ததும் புது டயரைப் பின்னால் போடாமல், முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னால் போடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். முன்சக்கரத்தில் காற்றுத் திடீரென்று போனால் வண்டியைத் திருப்ப முடியாது. டயரின் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டினால், டியூபில் துளை கண்ட இடத்தைக் கொண்டு டயரில் முள் எங்கே இருக்கிறதென்று உடனே காணலாம். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிப் பார்ப்பது விரலுக்கு நல்லது. கம்பி இருந்தால் பஞ்சு சிக்கும்.

டயர் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. என் தமக்கை கேட்டுக்கொண்டபடி அவன் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வருகிறான். இதுவரை மூன்று பஞ்சர். ஒன்று கருவேல முள், பக்கச்சுவருக்குச் சற்று மேலே குத்தியது. இன்னொன்று அந்த மெல்லிய எஃகு இழை. மூன்றாவதற்கு டயரில் ஒன்றுமே அகப்படவில்லை. டியூபை நீரில் அமிழ்த்திப் பார்த்தபோது வால்வின் அடியில் ரப்பர் விரிந்து குமிழி வந்தது. டியூப் நான்கு வருடப் பழையது.